உடம்பெல்லாம் நோகிறவர்களுக்கு ஒரு கதிரை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் ஞாயிறு இதழின் நலவாழ்வுப் பக்கத்தில் யோகா பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. உடம்பில் என்ன நோ இருந்தாலும் யோகா செய்தால் 21 நாளில் போய்விடும் என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை சிரசாசனத்தில் தலைகீழாக நிற்கிற படத்தையும் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். என்னோடு கிளினிக் வரிசையில் இருக்கிற ஒரு அக்கா அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு வீட்டில் தனியாகச் சுவரோடு சாய்ந்து முயன்று பார்த்திருக்கிறார். பிடரி பிடித்து ஒரு கிழமை எழும்ப முடியாமல் கிடந்தார். அவருக்கும் எனக்கும் ஒரே வருத்தம், உடம்பு முழுக்க நோகிற பைப்ரோமயால்ஜியா என்கிற நோய். அதனால் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

நான் யோகாவுக்கு எதிரானவள் இல்லை. நாலு வருடமாக நானே செய்கிறேன், அது இல்லையென்றால் இவ்வளவு நேரம் ஒரு மேசையில் இருந்து கடிதம் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் உடம்பு முழுக்க, வருடக்கணக்காக நோகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய யோகா வேறு. அது மெதுவானது, கதிரையில் இருந்தபடியே தொடங்குவது, இத்தனை நாளில் மாற்றித் தருவேன் என்று சத்தியம் பண்ணாதது. திருகோணமலையில் எங்களைப் போன்றவர்களுக்கு அது கிடைக்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இந்த வருத்தத்துக்கு எங்கள் பக்கத்தில் சரியான பெயர் இல்லை. கை கால் உளைவு என்போம், வாதம் என்போம், வயது போனால் இப்படித்தான் என்போம். எனக்குத் தொடங்கியபோது 44 வயது, படிப்பித்துக்கொண்டிருந்தேன். முதலில் நாரி, பிறகு இரண்டு தோள்மூட்டு, பிறகு முழங்கை, தொடை, குதிக்கால் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. கடைசியில் எங்கே நோகிறது என்று யாராவது கேட்டால் எங்கே நோகவில்லை என்று சொல்வதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது. எட்டு மணித்தியாலம் படுத்து எழும்பினாலும் இரவு முழுக்க யாரோ உலக்கையால் இடித்த மாதிரி இருக்கும். தோய்த்த துவாயைப் பிழிய முடியாது. தேங்காய் திருவ உட்கார்ந்தால் ஒரு பாதி முடிவதற்குள் கை விட்டுவிடும். கரும்பலகையின் மேல் வரியை எழுதக் கையைத் தூக்க முடியாமல், பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று பலகையின் கீழ்ப் பாதியில் மட்டும் எழுதப் பழகினேன். ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், கடைசி வாங்கில இருக்கிற எங்களுக்கு எழுத்துத் தெரியேல்லை" என்று சொன்ன அன்று வீட்டுக்கு வந்து குசினிக்குள் நின்று அழுதேன்.

இரத்தம் சோதித்தார்கள், தைரொய்ட் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். எல்லாம் சரி. "உங்களுக்கு ஒண்டுமில்லை" என்று ஒரு டொக்டர் ரிப்போர்ட்டை மடித்துத் தந்தார். அதற்குப் பிறகு வீட்டிலும் பேச்சு மாறியது. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் "ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தானே வந்திருக்கு" என்று வருகிற ஆட்களிடம் சொல்வது என் காதில் விழும். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போய் ஏழு கிணற்றிலும் அள்ளி வார்த்தேன். சூடு தசையை இளக்கும், அன்று பின்னேரம் வரைக்கும் சுகமாக இருக்கும், இரவு மறுபடி வந்துவிடும். பரியாரியாரின் எண்ணெய், சித்தாலேபை, காலையில் இரண்டு பனடோல், இரவில் இரண்டு. மூன்று வருடம் இப்படியே போனது.

பிறகு இன்னொரு டொக்டர்தான் அரை மணித்தியாலம் இருத்தி வைத்துக் கேட்டார். நித்திரை எப்படி, சொன்னது மறந்துபோகிறதா, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடிகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, இது பைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். உடம்பின் இரண்டு பக்கமும், இடுப்புக்கு மேலும் கீழும், முதுகுத்தண்டு ஓரமும் 3 மாதத்துக்கு மேல் நோ இருந்தால் அதை நாட்பட்ட பரவலான வலி என்கிறார்கள். 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் இதற்கு ஒரு அளவு வைத்தார்கள், உடம்பில் 18 இடங்களை அமத்திப் பார்த்து 11 இடத்திலாவது நோக வேண்டும் என்று. 2010இல் அந்த அமத்திப் பார்க்கிற கணக்கை விட்டுவிட்டு நித்திரை, களைப்பு, ஞாபகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இந்த நோவுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் சரியாக வந்தபடியால் நோ பொய் என்று நினைக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இதை நான் சொல்ல வேண்டும்.

ரிப்போர்ட்டில் ஏன் தெரியாது என்பதை எனக்கு விளங்கப்படுத்தியது என்னிடம் படித்த ஒரு பிள்ளை. இப்போது இயன்மருத்துவராக, அதுதான் பிசியோதெரபிஸ்டாக, இருக்கிறாள். "ரீச்சர், கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுவினமே, அந்தப் பெட்டியில சத்தத்தை முழுசாத் திருப்பி விட்டா மைக்குக்குப் பக்கத்தில ஆரும் செருப்பைக் கழட்டினாலும் ஊருக்கே கேட்கும். உங்கட நரம்பும் மூளையும் அப்பிடித்தான் நிக்குது. தசையில காயம் இல்லை, சத்தத்தைக் கூட்டி வைச்சிருக்கு" என்றாள். தொட்டதை இடித்ததாகக் காட்டும். நித்திரை குறைந்தால் அந்தச் சத்தம் இன்னும் கூடும், நோ கூடினால் நித்திரை வராது. இந்தச் சுழிக்குள்தான் நாங்கள் கிடக்கிறோம்.

டொக்டர் நோயின் பெயரைச் சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் நான் ஒரு யோகா வகுப்புக்குப் போயிருந்தேன். நல்ல மனிசன், காசும் பெரிதாக வாங்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே கணக்கு, முதல் நாளே 12 சுற்று சூரிய நமஸ்காரம். முன்னுக்குக் குனியும்போது என் முதுகில் உள்ளங்கையை வைத்து அமத்தி "விடுங்கோ, இன்னும் போகும், விடுங்கோ" என்றார். போனதுதான். அன்று ஒன்றும் தெரியவில்லை, சந்தோஷமாகக் கூட இருந்தது. மூன்றாம் நாள் தலைமயிரை வார முடியவில்லை, மகள்தான் பின்னி விட்டாள். எங்களுக்கு உடம்பு அன்றைக்கே சொல்லாது, ஒரு நாள் இரண்டு நாள் சுணங்கித்தான் சொல்லும். இது தெரியாத ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எங்களுக்கு ஆபத்து. இரண்டு வருடம் யோகா என்ற சொல்லைக் கேட்டாலே வேண்டாம் என்றிருந்தேன்.

என்னைத் திரும்பக் கொண்டுவந்தது என்னிடம் படித்த அந்த இயன்மருத்துவப் பிள்ளைதான். எங்கள் விறாந்தையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். என் கால் நிலத்தில் முழுதாகப் பதியவில்லை என்று உள்ளே போய் இரண்டு கட்டுப் பழைய சீஆர் கொப்பிகளை எடுத்துவந்து பாதத்துக்குக் கீழே வைத்தாள். முதல் நாள் 10 நிமிடம்தான். மூச்சை 4 எண்ணி எடுத்து 6 எண்ணி விட வேண்டும். எடுக்கும்போது தோளை ஒரு விரல் அளவுக்கு உயர்த்தி, விடும்போது இறக்க வேண்டும். பிறகு என் வலது கை விரலை இடது மணிக்கட்டில் வைத்து நாடியைப் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். மூச்சு வெளியே போகப் போக நாடி கொஞ்சம் ஆறுதலாகிறது, உள்ளே எடுத்தால் மறுபடி வேகம் பிடிக்கிறது. அதை என் விரலிலேயே நான் பிடித்தேன் ஐயா. வருடக்கணக்காக என் சொல் கேட்காத உடம்பு, மூச்சை நீட்டினால் இந்த ஒரு விஷயத்தில் கேட்கிறது. வேகஸ் என்கிற நரம்பு செய்கிற வேலை அது, உடம்பை ஆறச் சொல்கிற நரம்பு, நீண்ட வெளிமூச்சில் அதன் பிடி கூடுகிறது என்று விளங்கப்படுத்தினாள்.

அதற்குப் பிறகு கழுத்து. சுவரில் தொங்கும் கலண்டர் வரைக்கும் திரும்ப முடிகிறதா, சரி, அதில் பாதி மட்டும் திரும்புங்கோ என்றாள். எல்லாவற்றுக்கும் இதே பாதிக் கணக்குத்தான். பூனை மாதிரி முதுகை வளைக்கிற மார்ஜரியாசனத்தை நாலு காலில் நின்று செய்ய என் மணிக்கட்டு விடாது, அதனால் கதிரையின் முதுகைப் பிடித்து நின்றபடி முதுகை வளைத்து எடுத்தோம். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குகிற சேதுபந்தாசனம் இரண்டு மாதம் கழித்துத்தான், இடுப்பு நாலு விரல் அளவு உயர்ந்தால் போதும். முடிவில் பாயில் படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் கதிரையில் போட்டு, கழுத்துக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து 5 நிமிடம். அந்த 5 நிமிடத்தில் முதல் தடவை நாரி தரையில் முழுதாகப் படிந்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது, நோவினால் இல்லை.

அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. இன்றைக்குச் செய்ததைப் பற்றி நாளைக் காலை வரைக்கும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. காலையில் நோ கூடியிருந்தால் அடுத்த முறை பாதியாகக் குறை. ஒரு கிழமை அப்படியே நின்றால் ஒரு நிமிடம் கூட்டு. நல்ல நாள் வந்தது என்று வீடு முழுக்கக் கூட்டித் துடைத்து, பிடவை எல்லாம் தோய்த்து, இரண்டு நாள் படுக்கையில் கிடக்கிற பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. அதை விடுவது ஆசனத்தை விடக் கஷ்டம்.

ஒரு சீஆர் கொப்பியில் தினமும் எழுதி வைத்தேன், இரவில் எத்தனை தரம் எழும்பினேன், பத்துக்கு எத்தனை நோ, எத்தனை பனடோல் என்று. ஆறு கிழமையில் மாறியது நித்திரைதான், நாலு தரம் எழும்பியது ஒன்றாகி நின்றது. நோ எட்டிலிருந்து ஐந்துக்கு வர எட்டு மாதம் எடுத்தது. இன்றைக்கும் ஐந்துதான். மாரி தொடங்கி வாடைக்காற்று வந்தால் ஏழுக்கும் போகும். ஆனால் ஐந்தோடு சீவிக்கலாம், எட்டோடு முடியாது. ஒரு முழுத் தேங்காயையும் ஒரே இருப்பில் திருவி முடித்த நாளையும் அந்தக் கொப்பியில் எழுதியிருக்கிறேன்.

ஒரு ஆளின் கதையை வைத்து ஊருக்கு மருந்து சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும், அதனால் வெளியில் என்ன பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டேன். 2010இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பைப்ரோமயால்ஜியா உள்ள 53 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு 8 கிழமை மெதுவான ஆசனம், மூச்சு, தியானம், கூடியிருந்து பேசுவது எல்லாம் சேர்ந்த பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். மற்றப் பகுதி வழக்கமான வைத்தியத்தோடு காத்திருந்தது. செய்தவர்களுக்கு நோ, களைப்பு, மனநிலை எல்லாமே தேறியிருந்தன. நல்ல செய்திதான், ஆனால் 53 பேர்தான், அதுவும் சும்மா காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டது. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் சங்கம் 2016இல் இந்த வருத்தத்துக்கான சிகிச்சைகளை எல்லாம் நிறுத்துப் பார்த்தபோது உறுதியாகச் செய்யச் சொன்னது ஒன்றைத்தான், உடற்பயிற்சி. யோகாவையும் சீனர்களின் தாய்ச்சியையும் செய்து பார்க்கலாம் என்று கொஞ்சம் மெலிந்த குரலில் சொன்னார்கள். 2021இல் இங்கிலாந்தின் அரச சுகாதார வழிகாட்டல், காரணம் பிடிபடாத நாட்பட்ட நோவுக்குப் பனடோல் வகைக் குளிசைகளைப் புதிதாகத் தொடங்க வேண்டாம், அசைந்து பழகச் செய்யுங்கள் என்றது. இவ்வளவுதான் இன்றைக்குக் கையில் இருக்கிற சான்று. உங்கள் கட்டுரை சொன்ன 21 நாளை இதில் எங்கேயும் நான் காணவில்லை.

இன்னொன்றையும் அந்தக் கட்டுரை சொல்லாமல் விட்டது. யோகா தொடங்கினேன் என்று டொக்டர் தந்த குளிசையை யாரும் தாமாக நிறுத்தக்கூடாது. இரவுக்கென்று எனக்குத் தந்ததை நான் இன்றும் எடுக்கிறேன். மூட்டு வீங்கிச் சிவந்தால், காய்ச்சல் காய்ந்தால், காரணமில்லாமல் உடம்பு மெலிந்தால், கை கால் விறைத்துப் பலம் குறைந்தால், சலம் போவது கட்டுப்பாட்டில் இல்லையென்றால் பாயை விரிக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். தைரொய்ட் குறைந்தாலும் இதே மாதிரி உடம்பு முழுக்க நோகும், அதற்கு மருந்து இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துத் தள்ளிவிட்டுத்தான் மற்றது.

இந்த ஊருக்கென்று ஒரு காரணமும் இருக்கிறது. கிளினிக்கில் எனக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு அம்மா சம்பூர்ப் பக்கம். 2006இல் யுத்தத்துக்குப் பயந்து உடுத்த உடுப்போடு ஓடி, முகாம் முகாமாக இருந்து, ஏறத்தாழப் பத்து வருடம் கழித்துத்தான் சொந்தக் காணியை மிதித்தவர். எப்போதிருந்து நோகிறது என்று கேட்டேன். "ஓடின நாள்ல இருந்து மகள்" என்றார். நீண்ட காலப் பயமும் நித்திரை இல்லாமையும் நரம்பின் அந்தச் சத்தத்தைக் கூட்டும். மனக்காயமும் இந்த நோவும் சேர்ந்து வருவதை டொக்டர்மார் பல நாடுகளில் கண்டு எழுதியிருக்கிறார்கள். கடல் வந்த 2004ஐயும் சேர்த்தால் எங்கள் மாவட்டத்தில் இது எத்தனை வீட்டில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அம்மாவை ஒரு நாள், இப்போது நாங்கள் சிலர் சேர்ந்து யோகா செய்கிற எங்கள் விறாந்தைக்குக் கூட்டி வந்தேன். கண்ணை மூடிப் படுக்கச் சொன்னதும் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது, எழும்பி இருந்துகொண்டார். அன்றிலிருந்து அவர் கதிரையில் வாசலைப் பார்த்தபடி, கண்ணைத் திறந்தபடிதான் செய்கிறார். சவாசனத்தில் கண் மூடித்தான் கிடக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிற வகுப்பில் அவர் இரண்டாவது நாள் வந்திருக்க மாட்டார்.

கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து பஸ்ஸில் வருகிற ஒரு முஸ்லிம் தங்கச்சி முதல் நாள் என்னிடம் தனியாகக் கேட்டது, "எங்களுக்கு இது ஆகுமா ரீச்சர், மந்திரம் சொல்லோணுமா?" என்று. மந்திரம் இல்லாமலும் மூச்சு நீளும். எனக்கு முருகனைக் கும்பிட்டுத் தொடங்கப் பிடிக்கும், அதை நான் வீட்டுக்குள் செய்துவிட்டு வருகிறேன். விறாந்தையில் எண்ணிக்கை மட்டும்தான், 4, 6. இந்த ஊரில் எல்லாருக்கும் நோகிறது, எல்லாரும் வந்து இருக்கிற மாதிரித்தான் அது நடக்க வேண்டும்.

யோகா எங்கள் ஊருக்குப் புதிது இல்லை. மலாயாவில் டொக்டராக இருந்து பிறகு ரிஷிகேசத்தில் துறவியான சுவாமி சிவானந்தர், தம் சீடர் சச்சிதானந்தரை 1953இல் அனுப்பி வைத்தது திருகோணமலைக்குத்தான். சிவானந்தர் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் பணிக்காக வந்தார், பிறகு கண்டி, 1966இல் அமெரிக்கா. அங்கே அவரிடம் யோகா பழகியவர்களில் ஒருவர் டீன் ஓர்னிஷ் என்கிற டொக்டர். அவர் யோகா இருதயத்துக்கு நல்லது என்று மேடையில் பேசிவிட்டு விடவில்லை. மெதுவான ஆசனம், தியானம், கொழுப்புக் குறைந்த சைவச் சாப்பாடு, நடை எல்லாவற்றையும் இருதய நோயாளிகளை ஒரு வருடம் செய்ய வைத்து, இரத்தக் குழாயைப் படம் பிடித்து அளந்து, 1990இல் லான்செட் மருத்துவ இதழில் போட்டார். எங்கள் மண்ணில் நடந்து போன ஒருவரின் மாணவர் செய்த வேலை அது. இங்கே பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவப் பிரிவு இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து, கிளினிக்குக்கு வருகிற எங்களில் விருப்பமான ஒரு முப்பது பேரை எடுத்து, மூன்று மாதம் மெதுவான யோகா கொடுத்து, முன்னும் பின்னும் நித்திரையையும் நோவையும் அளந்தால் என்ன? நான் என் நாலு வருடக் கொப்பிகளைக் கொண்டுவந்து தருகிறேன்.

2015இலிருந்து ஒவ்வொரு ஜூன் 21உம் உலக யோகா தினம். மைதானத்தில் வெள்ளை ரீசேட்டோடு வரிசை வரிசையாக நின்று செய்வதைப் பார்க்க வடிவாகத்தான் இருக்கும், படங்கள் உங்கள் முதல் பக்கத்திலும் வரும். வருகிற ஜூனில் அந்த மைதானத்தின் ஓரத்தில், நிழலுள்ள பக்கமாக, ஒரு வரிசை கதிரை போடச் சொல்லி எழுதுங்கள். மேடையில் நிற்பவர் கதிரையில் இருப்பவர்களுக்கும் ஒரு வரி சொல்லட்டும். உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் அடுத்த தடவை யோகா பற்றி வந்தால் சிரசாசனப் படத்துக்குப் பதிலாக ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி கதிரையில் இருந்து கையை உயர்த்துகிற படத்தைப் போடுங்கள். கழுத்தில் பாரம் ஏற்றுகிற ஆசனங்கள் எங்களுக்கு வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், அந்த அக்காவைப் போல இன்னொருவர் படுக்காமல் இருக்க.

செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் நாலரைக்கு எங்கள் விறாந்தையில் ஏழு கதிரை போடுகிறோம். கிண்ணியா பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று ஐந்தேகாலுக்கு முடித்துவிடுவோம். வருகிற வெள்ளியிலிருந்து அந்தப் பிடரி பிடித்த அக்காவும் வருகிறேன் என்றிருக்கிறார், எட்டாவது கதிரைக்குப் பக்கத்து வீட்டில் கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.